கூடைப்பந்தாட்டம் தந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட அணி உலகப் புகழ் பெற்றது. நூற்றாண்டைக் கடந்துவிட்ட அதன் வரலாற்றில் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பை வகித்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் வெற்றிகளிலும் பார்க்கத் தோல்விகளை அதிகமாகச் சந்தித்தவர் ஒருவர் மாத்திரமே. 1898ஆம் ஆண்டு கன்சாசுக்கு வந்து 1907ஆம் ஆண்டு வரை அணியை நடத்திய அவருடைய காலத்தில் அணி 55 ஆட்டங்களில் வென்றது. 60 ஆட்டங்களில் தோற்றது. அவருடைய பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கூடைப்பந்தாட்டம் என்னும் விளையாட்டையே கண்டுபிடித்து உலகுக்கு அளித்தவரும் அவரே.

இதனை ஒரு வேடிக்கையான செய்தி எனச் சிலர் கடந்து போகக்கூடும். ஆனால், பிறந்த மண்ணை விட்டு வந்து, பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளாலும் சம்பளத் தொகையாலும் எந்த ஆண்டில் வீடு வாங்கினோம் என்பதாலும் வாழ்க்கையை அளந்து பார்க்கப் பழகிவிட்ட எமக்கு, இந்த மனிதரின் கதையில் சிந்திப்பதற்கு நிறைய உண்டு. பெற்றோரை இழந்தவர், பாடசாலையை இடையில் விட்டவர், பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டிலே வாழ்ந்து முடித்தவர், தாம் கண்டுபிடித்ததிலிருந்து செல்வம் எதனையும் சேர்க்காதவர். இருப்பினும் அவர் வகுத்த விளையாட்டு ஆடப்படாத நாடு இன்று இல்லை என்றே கூறலாம்.

அநாதையாக்கப்பட்ட சிறுவன்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆல்மொன்ட் என்னும் சிற்றூருக்கு அருகே, 1861ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆம் திகதி நெய்ஸ்மித் பிறந்தார். அவருடைய குடும்பத்தின் வேர் ஸ்கொட்லாந்தில் இருந்தது. பிழைப்புத் தேடி அத்திலாந்திக் கடலைக் கடந்து கனடாவின் காடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். மரம் அரியும் தொழிலை நம்பித் தகப்பனார் குடும்பத்துடன் ஒட்டாவா ஆற்றிலுள்ள ஒரு தீவுக்கு இடம்பெயர்ந்தார். அங்கே 1870ஆம் ஆண்டு நெருப்புக் காய்ச்சல் பரவியது. ஒன்பது வயதுகூட நிறையாத ஜேம்ஸ் சில வாரங்களுக்குள் தாயையும் தந்தையையும் பறிகொடுத்தான்.

பாட்டியாரும் பின்னர் தாய்மாமனும் பிள்ளைகளை வளர்த்தனர். பீற்றர் யங் என்ற அந்த மாமன் கண்டிப்பானவர். சிறுவன் குதிரைகளைப் பராமரித்தான், வயலில் உழைத்தான், விறகு வெட்டினான். செய்யத் தொடங்கிய வேலையைத் தானே முடிக்கவேண்டும், இடர்ப்பட்டால் உதவிக்குக் கூவக்கூடாது என்பது அவ்வீட்டின் ஒழுங்கு.

ஊர்ச் சிறுவர்கள் ஓய்வு நேரத்தில் ஒரு விளையாட்டை ஆடுவார்கள். பெரிய பாறையொன்றின்மேல் ஒரு கல்லை வைத்து அதற்கு ஒருவன் காவல் நிற்பான். ஏனையோர் தத்தம் கல்லை எறிந்து அதனை விழுத்தவேண்டும். எறிந்த கல்லை எடுக்க ஓடும்போது காவற்காரன் தொட்டுவிட்டால் தொடப்பட்டவனே காவலுக்கு வரவேண்டும். எமது ஊர்களின் கிளித்தட்டு, கிட்டிப்புள்ளு போலச் செலவில்லாத ஆட்டம் அது. இதிலே பலங்கொண்ட மட்டும் நேராக வீசுபவனின் கல் வெகுதூரம் போய்விடும், அவன் அகப்பட்டுக்கொள்வான். மெதுவாக வளைத்து மேலிருந்து விழும்படி எறிபவனே தப்புவான். இந்தச் சிறிய உண்மை ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர் வேறொரு நாட்டிலே அவருக்குக் கைகொடுக்கப் போகிறது.

பதின்ம வயதில் ஜேம்ஸ் பாடசாலையை விட்டுவிட்டு மரம் வெட்டும் முகாம்களில் கூலி வேலைக்குப் போனார். குடும்பத்துக்கு உழைப்பும் தேவைப்பட்டது. சில ஆண்டுகள் சென்றபின், தாம் போகும் வழி சரியன்று என உணர்ந்து, தம்மிலும் வயது குறைந்த பிள்ளைகளுடன் மீண்டும் அதே பாடசாலையில் அமர்ந்து கற்றுத் தேறினார். 1883ஆம் ஆண்டு மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்திற்குள் நுழைந்து 1887ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அகதி முகாம்களிலும் விசாரணை அலுவலகங்களிலும் கல்விக்குரிய வயது கழிந்துவிட்டதே என்று மனமுடையும் எமது இளைஞர்கள் இந்தக் கட்டத்தைச் சற்று நின்று கவனிக்கவேண்டும்.

பட்டப்படிப்பைத் தொடர்ந்து கிறிஸ்தவ போதகராகும் நோக்குடன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்துச் சமய ஒழுக்கவாதிகள் விளையாட்டைச் சாத்தானின் கருவி எனக் கருதினர். கண்களைச் சுற்றிக் கன்றிப்போன காயத்துடன் பிரசங்க மேடையில் ஏறிய இந்த மாணவரைப் பார்த்து நண்பர்கள் கவலைப்பட்டனர். நெய்ஸ்மித்தோ மைதானத்தில் ஒரு சம்பவத்தைக் கண்டு வேறு முடிவுக்கு வந்திருந்தார். ஆட்டத்தின் சூட்டில் தகாத வார்த்தை பேசிய வீரனொருவன், அருகில் அவர் நிற்பதைக் கண்டதும் வெட்கி மன்னிப்புக் கேட்டான். பிரசங்கத்தால் தொட முடியாத உள்ளங்களை விளையாட்டினால் தொடலாம் என அவர் எண்ணினார். போதகர் பதவியை விடுத்து உடற்கல்வியின் பக்கம் திரும்பிய இம்முடிவு அவருடைய சகோதரிக்கு மிகுந்த மனவருத்தத்தைக் கொடுத்தது. 1890ஆம் ஆண்டு, தம் 28ஆவது வயதில் எல்லையைக் கடந்து, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிறிங்பீல்ட் நகருக்குச் சென்றார்.

பதினான்கு நாள் தவணை

ஸ்பிறிங்பீல்டில் அவர் சேர்ந்தது கிறிஸ்தவ வாலிபர் சங்கம் எனப்படும் வை.எம்.சி.ஏ. இயக்கத்தின் சர்வதேசப் பயிற்சிப் பாடசாலை. அக்காலத்தின் அமெரிக்க நகரங்களை எண்ணிப் பார்க்கவேண்டும். தொழிற்சாலைகள் பெருகின. உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். இக்கட்டுரை எழுதப்படும் பலெர்மோ நகரின் துறைமுகத்திலிருந்தும் நியூ ஓர்லியன்ஸ் நகருக்கு நேரடியாகக் கப்பல்கள் போயின. சிசிலியின் ஏழைகள் கூட்டங்கூட்டமாக ஏறிச் சென்றனர். 1891ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்நகரில் வெறிகொண்ட கும்பலொன்று சிறைச்சாலைக்குள் புகுந்து இத்தாலியர் 11 பேரைக் கொன்றது. அவர்களுள் பெரும்பாலோர் சிசிலித் தீவினர். இன்று எம்மை ஏற்றிருக்கும் இத்தீவின் மக்கள் அன்று அந்நியராக நின்று பட்ட பாடு அது. வந்தேறிகளும் நாட்டுப்புறத்து இளைஞர்களும் நகரங்களில் வழிதவறிப் போகாமலிருக்கத் தங்குமிடமும் வாசிப்பறையும் உடற்பயிற்சிக் கூடமும் அமைத்துக் கொடுப்பதே வை.எம்.சி.ஏ. இயக்கத்தின் நோக்கமாக இருந்தது.

அதே 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பயிற்சிப் பாடசாலையிலே ஒரு சிக்கல் எழுந்தது. இலையுதிர் காலத்தில் மாணவர் வெளியே உதைபந்தாட்டம் ஆடினர். இளவேனிலில் பேஸ்போல் ஆடினர். இடைப்பட்ட பனிக்காலத்தில் கூடத்துக்குள் தேகாப்பியாசமும் அணிநடையும் தவிர வேறொன்றும் இல்லை. 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு இவற்றைச் செய்ய மறுத்து முரண்டு பிடித்தது. அவர்கள் சிறுவர்களல்லர், சங்கத்தின் நிர்வாகிகளாவதற்குப் பயின்ற வளர்ந்த ஆண்கள். இரண்டு ஆசிரியர்கள் அவ்வகுப்பைக் கைவிட்டு விலகிவிட்டனர். உடற்கல்விப் பகுதித் தலைவர் லூதர் குலிக் அவ்வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்தார். கூடத்துக்குள் ஆடக்கூடிய, எவருக்கும் காயம் விளைவிக்காத புதிய விளையாட்டொன்றைக் கண்டறிய அவருக்குக் கொடுக்கப்பட்ட தவணை 14 நாட்கள்.

முதலில் அவர் இருக்கின்ற விளையாட்டுகளையே கூடத்துக்குள் கொண்டுவர முயன்றார். உதைபந்தாட்டம் ஆடியபோது கண்ணாடிகள் உடைந்தன. றகர் ஆடினால் மரத்தரையில் விழுந்து எலும்பு முறியும். லக்றோஸ் என்னும் கனடிய ஆட்டத்தில் மட்டைகள் முகங்களைப் பதம் பார்த்தன. தவணை முடிவதற்கு ஒரு நாளே இருந்தபோது அவர் தம் முறையை மாற்றினார். ஆட்டங்களை எடுத்து வெட்டித் தைப்பதை விட்டுவிட்டு, ஆட்டம் ஏன் முரட்டுத்தனமாகிறது என்று காரணம் தேடினார்.

பந்துடன் ஓடுபவனை நிறுத்துவதற்காகவே எதிரணியினர் அவன்மீது பாய்கின்றனர். பந்தை வைத்திருப்பவன் ஓடக்கூடாது என்று விதித்துவிட்டால் அவனைப் பிடித்து விழுத்தவேண்டிய தேவையே இல்லை. ஆகவே பந்தை எறிந்துதான் நகர்த்தவேண்டும். பந்து பெரிதாக இருந்தால் மட்டை வேண்டியதில்லை. ஒளித்து வைக்கவும் முடியாது. அடுத்தது இலக்கு. இலக்கு நிலத்தில் நிமிர்ந்து நின்றால் பலமாக வீசுவார்கள், காயம் ஏற்படும். இலக்கை உயரத்தில், வாய் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் எவ்வளவு பலமாக வீசியும் பயனில்லை. வளைத்து மெதுவாக எறியத்தான் வேண்டும். ஆல்மொன்ட் கிராமத்துப் பாறை விளையாட்டு அவருடைய நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

பதின்மூன்று விதிகள்

மறுநாட் காலை பாடசாலைக் காவலாளியிடம் இரண்டு மரப்பெட்டிகள் கேட்டார். பெட்டிகள் இல்லை, பீச் பழம் ஏற்றும் கூடைகள் இரண்டு உண்டு என்று அவர் எடுத்துக் கொடுத்தார். பெட்டிகள் கிடைத்திருந்தால் இவ்விளையாட்டின் பெயரே வேறாக இருந்திருக்கும். கூடத்தின் இரு முனைகளிலும் மேல்மாடத்தின் கீழ்ச்சட்டத்தில் கூடைகளை ஆணியடித்து மாட்டினார். அச்சட்டம் நிலத்திலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. ஒரு கட்டடத்தின் தற்செயலான அளவு உலகெங்கும் நிலைத்துவிட்டது; இன்றைக்கும் கூடையின் உயரம் 10 அடியே.

பதின்மூன்று விதிகளை எழுதி, தட்டெழுதுவித்து, இரண்டு தாள்களாக அறிவித்தற் பலகையில் ஒட்டினார். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21ஆம் திகதி முதலாவது ஆட்டம் நிகழ்ந்தது. வகுப்பில் 18 பேர் இருந்தபடியால் அணிக்கு ஒன்பது பேர். பந்து சாதாரண உதைபந்து. அமெரிக்கருடன் கனடியர் சிலரும் இஷிகாவா என்ற ஜப்பானிய மாணவரும் அவ்வணிகளில் ஆடினர். அன்று விழுந்தது ஒரேயொரு கூடைதான். அதனை எறிந்தவர் வில்லியம் சேஸ். கூடையின் அடி மூடியிருந்ததால் ஏணி வைத்து ஏறியே பந்தை எடுக்கவேண்டியிருந்தது. முரண்டு பிடித்த வகுப்பு அதன்பின் கூடத்தை விட்டு வெளியேற மறுத்தது.

மாணவர் ஒருவர் இதற்கு ஆசிரியரின் பெயரையே வைக்கலாம் என்றபோது நெய்ஸ்மித் சிரித்து மறுத்துவிட்டார். பந்தும் கூடையும் இருப்பதால் அவற்றின் பெயரே போதும் என்றாயிற்று. 1892ஆம் ஆண்டு ஜனவரி மாதம் விதிகள் பாடசாலையின் சஞ்சிகையில் வெளியாகின. காப்புரிமை எதுவும் அவர் கோரவில்லை. விரும்பியவர் எவரும் எடுத்து ஆடலாம் என்ற நிலையிலேயே அது வெளியே போனது.

எல்லைகளைக் கடந்த பந்து

வை.எம்.சி.ஏ. நிலையங்கள் எங்கெங்கு இருந்தனவோ அங்கெல்லாம் இவ்வாட்டம் சென்றது. 1893ஆம் ஆண்டு டிசம்பரில் ஐரோப்பாவின் முதலாவது ஆட்டம் பாரிஸ் நகரின் திரேவிஸ் வீதியில் இடம்பெற்றது. எமது கடைவீதியான லா சப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள அந்தக் கூடம், உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய கூடைப்பந்தாட்டக் களமாகக் கருதப்படுகிறது. முதல் ஆட்டத்தில் ஆடிய கனடியரான டங்கன் பற்றன் இவ்விளையாட்டை 1890களில் இந்தியாவுக்குக் கொண்டு சென்றதாகக் குறிப்பிடப்படுகிறது.

பெண்களுக்கு இதனைக் கொண்டு சென்றவர் செண்டா பெறன்சன் என்ற ஆசிரியை. லித்துவேனியாவிலிருந்து சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1892ஆம் ஆண்டு ஸ்பிறிங்பீல்டுக்கு அண்மையிலுள்ள மகளிர் கல்லூரியொன்றில் விதிகளைச் சற்று மாற்றி ஆடச் செய்தார். இங்கிலாந்துக்குச் சென்ற மகளிர் ஆட்டமே காலப்போக்கில் வலைப்பந்தாட்டமாக மாறியது. யாழ்ப்பாணத்து மகளிர் பாடசாலைகளில் எமது சகோதரிகள் ஆடிய வலைப்பந்தாட்டத்தின் மூலமும் அந்தப் பீச் கூடைகள்தாம்.

கரப்பந்தாட்டமும் இதே பாடசாலையின் வழிவந்ததே. அங்கு பயின்ற வில்லியம் மோர்கன், கூடைப்பந்தாட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத நடுத்தர வயதினருக்காக 1895ஆம் ஆண்டு அதனை அமைத்தார். மாலையானதும் இரண்டு கம்பமும் ஒரு வலையுமாக எமது ஊர்த் திடல்களை நிறைத்த அந்த விளையாட்டு, 1991ஆம் ஆண்டு இலங்கையின் தேசிய விளையாட்டாகவும் அறிவிக்கப்பட்டது.

தமிழகத்தில் இவ்விளையாட்டுகளை முறைப்படி வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஹரி குறோ பக் என்ற அமெரிக்கர். அவரும் ஸ்பிறிங்பீல்டில் பயின்றவரே. 1919ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, அடுத்த ஆண்டே உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டு விழாவுக்கு இந்திய அணியை முகாமையாளராக அழைத்துச் சென்றவரும் அவரே. சென்னை நந்தனத்தில் இன்றும் இயங்கும் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அவருடைய நினைவுச் சின்னம். இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கு சென்று பயின்று திரும்பினர். 1943ஆம் ஆண்டு தாம் தேர்ந்தெடுத்த சென்னை நகரிலேயே பக் காலமானார்.

கன்சாஸ் பயிற்றுநர்

நெய்ஸ்மித் தம் ஆட்டத்தின் பின்னால் ஓடவில்லை. 1895ஆம் ஆண்டு மனைவி மோட் அம்மையாருடன் டென்வர் நகருக்குப் போய், பகலில் வை.எம்.சி.ஏ. கூடத்தில் பணியாற்றியபடியே மருத்துவம் பயின்று 1898ஆம் ஆண்டு வைத்தியப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு கன்சாஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. சிற்றாலய வழிபாட்டை நடத்துவதும் உடற்கல்வி கற்பிப்பதுமே அவருக்கான பணி. கூடைப்பந்து அணி அவர் வந்தபின் உருவானது. 1899ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி நடந்த அதன் முதல் ஆட்டத்தில் கன்சாஸ் நகர வை.எம்.சி.ஏ. அணியிடம் 5க்கு 16 என்ற கணக்கில் தோற்றது.

பயிற்றுநர் என்ற சொல்லுக்கு இன்றுள்ள பொருளை அவர் ஏற்றுக்கொண்டதேயில்லை. விளையாட்டு என்பது ஆடுவதற்கு. அதனைத் திட்டமிட்டுப் பயிற்றி வெற்றியாக்கும் தொழில் ஒன்று இருப்பதாக அவர் நம்பவில்லை. தம் அணி ஆடும்போது தாமே நடுவராக நின்றதும் உண்டு. அணியின் புள்ளியைக் காட்டிலும் ஒவ்வொரு மாணவனின் உடல்நலத்தையும் நடத்தையையும் அவர் கவனித்தார். மாணவர்களின் உடல் அளவுகளை எடுத்து, யாருக்கு எந்தப் பயிற்சி பொருந்தும் என்று வைத்தியராக நின்று கூறினார்.

அவருடைய மாணவரான பொரஸ்ட் அலன் இதற்கு நேர்மாறானவர். வேறொரு கல்லூரியில் பயிற்றுநர் வேலை கிடைத்திருப்பதாக அலன் வந்து கூறியபோது, இந்த ஆட்டத்தைப் பயிற்றுவிக்க முடியாதே என்று ஆசிரியர் வியந்தாராம். 1907ஆம் ஆண்டு நெய்ஸ்மித்தின் இடத்துக்கு வந்தவரும் அதே அலன்தான். பின்னர் 1919ஆம் ஆண்டு தொடக்கம் 1956ஆம் ஆண்டு வரை கன்சாஸ் அணியை நடத்தி, கல்லூரிப் பயிற்றுநர்களின் தந்தை எனப் பெயரெடுத்தார். அவரிடம் ஆடிய அடொல்ப் றப், டீன் சிமித் ஆகியோர் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் தலைக்கு 870க்கும் மேற்பட்ட வெற்றிகளை ஈட்டினர். தோல்விகள் கூடிய பயிற்றுநரின் மாணவரும் மாணவரின் மாணவருமே இவர்கள். ஆசிரியத் தொழிலின் கணக்கு இப்படித்தான் பல ஆண்டுகள் கழித்து எழுதப்படுகிறது.

1916ஆம் ஆண்டு கன்சாஸ் படைப்பிரிவின் குருவாக மெக்சிக்கோ எல்லைக்குச் சென்றார். முதலாம் உலகப் போரின்போது 1917ஆம் ஆண்டு முதல் 1919ஆம் ஆண்டு வரை குடும்பத்தைப் பிரிந்து பிரான்சில் படையினரிடையே பணியாற்றினார். கனடியராக வந்தவர் 35 ஆண்டுகள் கழிந்தபின், 1925ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். ஐந்து பிள்ளைகளின் தந்தையான அவருடைய கையில் பணம் தங்கவில்லை. கடனைக் கட்ட முடியாமல் வீட்டை இழக்கும் நிலையும் அவருக்கு ஏற்பட்டது.

நீச்சல் தடாகத்தில் ஒரு மாணவர்

அவருடைய முதுமைக் காலத்து நிகழ்வொன்று அவருடைய வெற்றிகள் எல்லாவற்றிலும் மேலானது. 1933ஆம் ஆண்டு ஜோன் மக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர் உடற்கல்வி பயில்வதற்காகக் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நெய்ஸ்மித்திடம் சென்று, நீங்களே என் ஆலோசகர் என்று சொல்லும்படி அவரைத் தகப்பனார் அறிவுறுத்தி அனுப்பியிருந்தார். அப்படியே வந்து கூறிய மாணவரை எழுபது வயதைத் தாண்டிய பேராசிரியர் மறுவார்த்தையின்றி ஏற்றுக்கொண்டார்.

கறுப்பின மாணவர் வகுப்பில் இருக்கலாம். பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஆட முடியாது. இவ்விளையாட்டைக் கண்டுபிடித்தவரிடமே கற்ற மாணவருக்கு அணியில் இடமில்லை. உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சலில் தேர்ச்சி கட்டாயமாக இருந்தது. நீச்சல் தடாகத்தில் இறங்கவோ கறுப்பினத்தவருக்குத் தடை இருந்தது. மக்லெண்டன் இறங்கினார். எதிர்ப்பு எழுந்தபோது நெய்ஸ்மித் மாணவரின் பக்கம் நின்றார். மாணவர் தேர்ச்சி பெற்றார். உள்ளூர்ப் பாடசாலை அணியொன்றில் பயிற்றுநராகப் பழகுவதற்கும் பின்னர் முதுகலைப் படிப்புக்குச் செல்வதற்கும் அவர் வழிசெய்து கொடுத்தார்.

1936ஆம் ஆண்டு பட்டம் பெற்ற மக்லெண்டன் தென்பகுதிக்குச் சென்று கறுப்பினக் கல்லூரிகளில் அணிகளை வளர்த்தார். 1944ஆம் ஆண்டு வட கரோலினாவின் டேர்ஹம் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் தேவாலயத்தில் இருந்த நேரம், கூடத்தின் கதவுகளைப் பூட்டிவிட்டு அவருடைய அணியும் வெள்ளை இன மருத்துவ மாணவர்களின் அணியும் இரகசியமாக ஆடின. இரு இனத்தவரும் சேர்ந்து ஆடுவது அங்கே தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. மக்லெண்டனின் அணி 88க்கு 44 என்ற கணக்கில் வென்றது. பின்னர் ரெனசி மாநிலத்தில் அவர் நடத்திய கல்லூரி அணி 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து தேசியக் கல்லூரிச் சுற்றுப்போட்டியில் முதலிடம் பெற்றது. தம் ஆட்டமுறையின் அடிப்படைகளை நெய்ஸ்மித்திடமே கற்றதாக அவர் 1999ஆம் ஆண்டு மறையும்வரை கூறிவந்தார்.

பேர்லின், 1936

அலன் உள்ளிட்டோர் எடுத்த முயற்சியால் 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்தாட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. அதனைக் கண்டுபிடித்தவருக்கோ பேர்லின் செல்லக் கையில் பணமில்லை. அமெரிக்கா எங்கும் ஆட்டங்களின் நுழைவுச் சீட்டுக் கட்டணத்திலிருந்து ஒவ்வொரு சதமாகச் சேர்த்து அவரை அனுப்பி வைத்தனர். எஸ்தோனியாவும் பிரான்சும் மோதிய முதல் ஆட்டத்தில் 74 வயது முதியவர் பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடக்கி வைத்தார்.

இனவெறியை அரச கொள்கையாக்கிய ஆட்சி நடத்திய விழா அது. ஆயினும் ஆடுகளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் கொடிகள் இருந்தன. பிலிப்பைன்ஸ் ஐந்தாம் இடத்தையும் இத்தாலி ஏழாம் இடத்தையும் பெற்றன. இறுதி ஆட்டத்தில் மோதியவை அவர் பிறந்த கனடாவும் அவர் புகுந்த அமெரிக்காவும். பனிக்காலத்தில் கூரையின் கீழ் ஆடுவதற்கென உருவான விளையாட்டு, அன்று திறந்த வெளியில், கொட்டும் மழையில், சேறாகிப்போன தரையில் நடந்தது. பந்து நிலத்தில் பட்டு எழும்பவில்லை. 19க்கு 8 என அமெரிக்கா வென்றது.

1937ஆம் ஆண்டு மோட் அம்மையார் காலமானார். அதே ஆண்டு நெய்ஸ்மித் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1939ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28ஆம் திகதி, 78ஆவது வயதில், லோறன்ஸ் நகரில் உயிர் துறந்தார். அவருடைய நூல் 1941ஆம் ஆண்டே அச்சேறியது. 1959ஆம் ஆண்டு அவருடைய பெயரால் தொடங்கப்பட்ட கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபம் ஸ்பிறிங்பீல்டில் உள்ளது.

அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்ட அந்த இரண்டு தாள்கள் 2010ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயோர்க்கில் ஏலத்துக்கு வந்து, 43 இலட்சம் டொலருக்கு விலைபோயின. வாங்கியவர் அவற்றைக் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார். எழுதியவர் தம் வீட்டைக் காத்துக்கொள்ள முடியாதிருந்த ஊரில் அவருடைய தாள்கள் இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன.

பலெர்மோவின் தேவாலய முற்றங்களில் மாலை வேளைகளில் சிசிலியப் பிள்ளைகளுடனும் ஆபிரிக்கப் பிள்ளைகளுடனும் சேர்ந்து எமது பிள்ளைகளும் கூடைக்குள் பந்தெறிகிறார்கள். வீட்டு வேலைக்கும் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கும் போய்க் களைத்து வரும் பெற்றோர், விளையாட்டினால் படிப்புக் கெட்டுவிடும் என்று அவர்களைக் கூப்பிடுவதுண்டு. அந்த அச்சம் நியாயமானதே. என்றாலும், மொழி பிடிபடாத நாட்டிலே பிள்ளைக்கு முதல் நண்பன் கிடைப்பது பெரும்பாலும் அந்த முற்றத்தில்தான். அங்கே பந்தை வைத்திருப்பவன் அதனை மற்றவனுக்குக் கொடுத்தேயாகவேண்டும். எதிரில் நிற்பவனை இடித்துத் தள்ளுவது குற்றம். தாய் தந்தையை இழந்து, கூலி வேலை செய்து, காலந்தாழ்த்திக் கற்று, அயல்நாட்டில் ஆசிரியரான ஒருவர் முரண்டு பிடித்த 18 பேருக்காக எழுதிவைத்த ஒழுங்கு அது. பிள்ளை எத்தனை கூடை போட்டான் என்று கேட்பதற்கு முன்னர், யாருடன் ஆடினான் என்று கேட்போமாக.